தலைவலி இல்லாமலும் வரும் மைக்ரேன்: தலைசுற்றலை அடையாளம் காண்பதும் அடக்குவதும்

"மயக்கமா வருது டாக்டர்." இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நான்கு பேர் வரலாம். ஒருவருக்கு அறையே ராட்டினம் போலச் சுற்றியிருக்கும். ஒருவருக்கு உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கும். இன்னொருவருக்குச் சுற்றவே இல்லை, படகில் நிற்பதுபோலத் தரை ஆடியிருக்கும். நாலாமவர் நிஜமாகவே நினைவு தப்பி விழுந்திருப்பார். நான்கும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு வேறு. ஆனால் 'மயக்கம்' என்ற ஒரே சொல்லோடு பேச்சு நின்றுவிட்டால், நான்கு பேர் கையிலும் ஒரே மாத்திரை அட்டைதான் வந்து சேரும்.

இந்தக் குழப்பத்தில் அதிகம் தொலைந்துபோவது மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி நோய்) கிளப்பும் தலைசுற்றல். மருத்துவர்கள் இதை வெஸ்டிபுலர் மைக்ரேன் என்பார்கள். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது, பெண்களுக்கு அதிகம். நம் ஊரில் இதற்குப் பித்தம், லோ பி.பி., கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பல பெயர். பெயர் தப்பாக இருப்பதால் வருஷக்கணக்கில் தப்பான மருந்து ஓடுகிறது. இந்த நோயை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நீங்கள் சொல்லும் விவரம்தான் பரிசோதனை. அதனால் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் சிகிச்சையின் முதல் படி.

உள்ளே என்ன நடக்கிறது

காதின் உட்புறத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னஞ்சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூளை அந்தச் செய்தியைக் கண் சொல்வதோடும், பாதமும் கழுத்தும் சொல்வதோடும் ஒப்பிட்டு, 'நான் நிற்கிறேன், உலகமும் நிற்கிறது' என்று முடிவுக்கு வருகிறது.

மைக்ரேனில் தலைவலியைக் கிளப்பும், முக உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் பாதையும், சமநிலையைக் கவனிக்கும் நரம்பு மையங்களும் மூளைத்தண்டில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒன்றோடொன்று இணைப்பும் உண்டு. ஒரு வீட்டில் கிளம்பிய சத்தம் அடுத்த வீட்டையும் எழுப்பிவிடுகிறது. கூடவே, தேவையற்ற ஒளி, ஒலி, அசைவு ஆகியவற்றை வடிகட்டும் வேலையும் மூளையில் தளர்ந்துபோகிறது. சூப்பர் மார்க்கெட்டின் நீண்ட அலமாரி வரிசை, பக்கத்துத் தண்டவாளத்தில் நகரும் ரயில், விரலால் தள்ளத் தள்ள ஓடும் செல்போன் திரை என மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத காட்சிகள் இவர்களுக்குத் தலையைக் கிறுகிறுக்க வைப்பது இதனால்தான். கருவி பழுதாகவில்லை, அது தரும் செய்தியைப் படிக்கும் இடத்தில்தான் தடுமாற்றம். காதுப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் நார்மல் என்று வருவதன் காரணமும் இதுவே. 'ரிப்போர்ட் நார்மல், அதனால் உனக்கு ஒன்றுமில்லை' என்பது தப்பான கணக்கு.

மைக்ரேன்தானா என்று பார்ப்பது

சமநிலை மருத்துவர்களின் உலக அமைப்பான பாரனி சங்கமும் சர்வதேசத் தலைவலிக் கழகமும் சேர்ந்து 2012இல் வகுத்த அளவுகோல்தான் இன்றும் பயன்படுகிறது. எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குத் தலைசுற்றலோ தள்ளாட்டமோ குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடித்திருக்க வேண்டும். இப்போதோ முன்பு எப்போதோ மைக்ரேன் இருந்திருக்க வேண்டும். வந்த தடவைகளில் பாதியிலாவது மைக்ரேனின் சாயல் ஒன்று தெரிய வேண்டும்: ஒரு பக்கமாக, விண்விண் என்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும் தலைவலி; அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்க முடியாமை; அல்லது கண்முன் வளைந்து நெளியும் பளபளப்புக் கோடுகள். இவற்றோடு, வேறு நோயால் இது விளக்கப்படவில்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

கவனியுங்கள், தலைவலி ஒவ்வொரு முறையும் வந்தாக வேண்டும் என்று எங்கும் இல்லை. சிலருக்குச் சுற்றலுக்கு முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலருக்கு அன்றைக்கு வராமலே போகும். பலருக்கு இருபது வயதில் தலைவலி வாட்டியிருக்கும். முப்பத்தைந்தில் குறைந்து, மாதவிடாய் நிற்கும் காலத்தில் தலைசுற்றலாக மறுபடி தலைகாட்டும். "தலைவலியெல்லாம் போய்ப் பத்து வருஷமாச்சு" என்று அவர்கள் அதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. அந்தப் பழைய தலைவலிதான் நோயைக் கண்டுபிடிக்கும் சாவி. "எனக்கு சைனஸ் தலைவலிதான்" என்று சொல்பவர்களிலும் பலருக்கு இருப்பது மைக்ரேன்தான். அம்மாவுக்கோ சித்திக்கோ ஒற்றைத் தலைவலி இருந்ததா, பள்ளிக்கூட நாளில் பஸ்ஸில் போனால் வாந்தி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் நல்ல தடயங்கள்.

மற்ற தலைசுற்றல்களிலிருந்து இதைப் பிரிப்பது கடிகாரம்தான். படுக்கையில் புரளும்போதோ பரணைப் பார்க்க அண்ணாந்தபோதோ திடீரென்று சுற்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், அது பெரும்பாலும் உள்காதில் இருக்கும் கால்சியத் துகள் இடம் மாறிய கோளாறு. அதற்கு மாத்திரை வேண்டாம். மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிச் செய்யும் எப்லி முறையிலேயே, பலருக்கு ஓரிரு தடவையில், சரியாகிவிடும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு இதுவும் சேர்ந்து வரலாம்; ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கூடி, ஆடியோகிராம் என்ற காது கேட்கும் பரிசோதனையில் தாழ்ந்த சுருதிகளில் கேட்கும் திறன் குறைந்திருந்தால் அது மெனியர் நோய். மைக்ரேனிலும் காது அடைக்கும், இரையும். ஆனால் கேட்கும் திறன் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போவது அரிது.

எழுந்தால் மட்டும் கண் இருட்டுகிறதா? வீட்டிலேயே பார்க்கலாம். 5 நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் எடுங்கள். பிறகு எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் எடுங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுதான் காரணம். எந்த நேரத்திலும் ஒருமுறை எடுத்து 110/70 வந்ததற்காக 'லோ பி.பி.' என்று பெயர் வைப்பதில் அர்த்தமில்லை.

கழுத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால், தலைசுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும். மைக்ரேன் வரும் முன்னும் வரும்போதும் கழுத்து இறுகி வலிப்பது அந்த நோயின் பகுதியே. ஆக, கழுத்து வலி, எக்ஸ்ரேயில் தேய்மானம், தலைசுற்றல் மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இந்தத் தலைசுற்றலுக்காக மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை போட்டால் கழுத்துத் தசை தளரும். சமநிலையை மீட்க மூளைக்குத் தேவையான தலை அசைவும் நின்றுபோகும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108ஐ அழையுங்கள், இலங்கையில் 1990ஐ. தலைசுற்றலோடு பேச்சுக் குழறுவது, வாய் கோணுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது அல்லது பலம் இழப்பது, விழுங்க முடியாமை, பிடிப்பில்லாமல் உட்காரவோ நிற்கவோ முடியாமை, இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சிக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நெஞ்சுவலி, நினைவு தப்புதல். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். பின்மூளையில் வரும் பக்கவாதத்தை முதல் நாள் சி.டி. ஸ்கேன் பல நேரம் காட்டாது என்பதால், 'ஸ்கேன் நார்மல்' என்ற சொல்லோடு திருப்தி அடைந்து, நிற்கவே முடியாதவரை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். ஐம்பது அறுபது வயதில், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவருக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக வரும் கடும் சுற்றலை மைக்ரேன் என்று வீட்டில் யாரும் முடிவு செய்யக் கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சைக்கு நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

சமையலறைக் காலண்டரே நோட்டு

செயலி எதுவும் வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் போதும். அந்தந்த நாளின் கட்டத்தில் சுருக்கெழுத்தாக எழுதுங்கள்: சுற்றலுக்கு 'சு', அதன் பக்கத்தில் பத்துக்கு எவ்வளவு என்ற எண், எவ்வளவு நேரம், தலைவலிக்கு 'வ', வெளிச்சம் தாங்காவிட்டால் 'வெ', சத்தம் தாங்காவிட்டால் 'ச', காது அடைத்தால் 'கா', முந்தைய இரவு தூங்கிய மணி 'தூ', அன்று போட்ட வலி மாத்திரை 'மா'. மாதவிடாய் நாளைச் சுற்றி ஒரு வட்டம். 'சு7, 3 மணி, வெ, ச, தூ4, மா1' என்று ஒரு கட்டத்தில் இருந்தால், மருத்துவருக்கு அது பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம்.

இரண்டு மாதம் எழுதிய பிறகு, சுற்றல் வந்த நாளை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய இரண்டு நாட்களையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தூண்டுதல் தனியாக வேலை செய்யாது. தூக்கக் குறைவைத் தாங்கிய உடம்பு, அதோடு வெயிலும் பட்டினியும் சேர்ந்தால் தாங்காது. இன்னொரு கண்ணி: மைக்ரேன் தொடங்குவதற்குச் சில மணி நேரம் அல்லது ஒரு நாள் முன்பே கொட்டாவி, இனிப்பு தின்னும் ஆசை, கழுத்து இறுக்கம் வரும். இனிப்பைத் தின்றதால்தான் வந்தது என்று பழியை அதன்மேல் போடுவோம். உண்மையில் அந்த ஆசையே வரப்போகும் நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

இன்னும் ஒன்று செய்யுங்கள். சுற்றும்போது வீட்டில் இருப்பவரிடம், உங்கள் கண்கள் இரண்டும் முழுதாகத் தெரியும்படி செல்போனில் 30 விநாடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நேராக, வலப்பக்கம், இடப்பக்கம் என்று பார்க்க வேண்டும். கருவிழி துடிக்கும் திசை மருத்துவருக்குப் பெரிய தகவல். சுற்றல் ஓய்ந்தபின் எத்தனை பரிசோதனை செய்தாலும் அது கிடைக்காது.

வந்துவிட்ட நேரத்தில்

முதலில் விழாமல் இருக்க வேண்டும். அடுப்பை அணையுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள். இருட்டான, வாசனை இல்லாத அறையில் தலையைச் சற்று உயர்த்திப் படுத்து, அசையாத ஒரு புள்ளியைப் பாருங்கள். சிலருக்குக் கண்ணை மூடினால் இதம். சிலருக்கு மூடினால் சுற்றல் கூடும். எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யலாம். ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு நெடி எதுவும் வேண்டாம். தலைவலித் தைலம் சிலருக்குச் சுகம் தரும், வாசனை ஆகாதவர்களுக்கு அதுவே வாந்தியைக் கிளப்பும்.

மருந்தில் வரிசை முக்கியம். மைக்ரேன் நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். 'மாத்திரை கேட்கவில்லை' என்பதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். அதனால் குமட்டல் உள்ளவர்களுக்கு டாம்பெரிடோன் 10 மி.கி. அல்லது ஒண்டான்செட்ரான் 4 மி.கி. முதலில் தரப்படும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, தலைவலி இருந்தால், பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1000 மி.கி. அல்லது சாப்பிட்டபின் நாப்ராக்சன் 500 மி.கி. அரை மாத்திரையைப் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து மீதி அரையைப் போடுவது வீண். தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே முழு அளவு போட வேண்டும். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, ஆஸ்துமா உள்ளவர்கள் நாப்ராக்சனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காய்ச்சல் இருந்தால், டெங்குவாக இருக்கலாம் என்பதால், பாராசிட்டமால் மட்டும். வாந்தி நிற்காவிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடியுங்கள். மடக்மடக்கென்று குடித்தால் திரும்ப வந்துவிடும்.

டிரிப்டான் வகை மாத்திரைகள் மைக்ரேன் தலைவலிக்கு நல்ல மருந்து. ஆனால் தலைசுற்றலை நிறுத்துவதில் அவை ஏமாற்றமே தந்தன. இந்த வகையைச் சேர்ந்த ரைசாடிரிப்டானை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், சுற்றலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்குத் தலைவலியும் கடுமையாக இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்படி போடலாம். இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. புரோப்ரனலால் சாப்பிடுபவர்களுக்கு ரைசாடிரிப்டான் ரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பதால் பாதி அளவே எழுதுவார்கள். இரண்டையும் வேறு வேறு மருத்துவர்கள் எழுதியிருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் அட்டைகள்

ஸ்டுஜெரான் என்ற சின்னரிசின், ஸ்டெமெடில் என்ற புரோகுளோர்பெரசின், வெர்டின் என்ற பீட்டாஹிஸ்டின். தலைசுற்றல் உள்ள வீடுகளில் இந்த மூன்றில் ஒன்று அலமாரியில் இருக்கும். முதல் இரண்டும் கடும் சுற்றலை அடக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லை. தொடர்ந்து சாப்பிட்டால் இரண்டு கெடுதல். சமநிலையைச் சரிசெய்துகொள்ளும் மூளையின் முயற்சியை அவை மழுங்கடிக்கின்றன. வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்வு, முகம் உணர்ச்சியற்று இறுகுவது என்று பார்க்கின்சன் நோய் போலவே உருவாக்கிவிடுகின்றன. வருஷக்கணக்கில் ஸ்டுஜெரான் சாப்பிட்டு, அந்த நடுக்கத்துக்குத் தனியாக இன்னொரு மாத்திரையும் சாப்பிடும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பத்தியை வீட்டில் படித்துக் காட்டுங்கள். மருத்துவரிடம் கேட்டு நிறுத்தினால், பெரும்பாலும் சில மாதங்களில் நடுக்கம் குறையும். பீட்டாஹிஸ்டின் மெனியர் நோய்க்குத் தரப்படுவது. மைக்ரேன் சுற்றலுக்கு அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

வலி மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. பாராசிட்டமால், நாப்ராக்சன் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையோ பல மருந்து கலந்த கூட்டு வலி மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மருந்தே தலைவலியைப் பிறப்பிக்கத் தொடங்கும். காலண்டரில் 'மா' எழுதிய நாட்களை மாதக் கடைசியில் எண்ணுங்கள். எட்டைத் தாண்டினாலே தடுப்பு மருந்து பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தடுப்பு மருந்து

மாதத்தில் நான்கைந்து நாளாவது முடங்கிப்போகிறவர்களுக்கும், குறைவாக வந்தாலும் மூன்று நாள் படுக்கையில் தள்ளும் அளவுக்கு வருகிறவர்களுக்கும் தினசரித் தடுப்பு மருந்து தேவை. எது என்பதை நரம்பியல் மருத்துவர் உங்கள் மற்ற உடல்நிலையைப் பார்த்துத்தான் தேர்வு செய்வார்; நீங்களாக வாங்கக் கூடாது. ஆனால் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

தூக்கமும் கெட்டிருந்தால் அமிட்ரிப்டிலின், இரவு 10 மி.கி.யில் தொடங்கும். எட்டரை மணிக்குப் போட்டால் காலை மந்தம் குறையும். பத்தரைக்குப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு எழுந்தால் தலை பாரமாகத்தான் இருக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படபடப்பும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஒத்துவரும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியான படபடப்பை இது மறைத்துவிடும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. டோபிரமேட் 25 மி.கி.யில் தொடங்கி வாரம் வாரமாக ஏறும். விரல் நுனி ஊசி குத்துவது போலிருக்கும், சொல்ல வந்த சொல் தொண்டையிலேயே நிற்கும், பசி குறையும். தண்ணீர் குறைத்தால் சிறுநீரகக் கல் வரலாம். புளூனரிசின் நம் நாட்டில் அதிகம் எழுதப்படுவது, பலருக்குக் கேட்கவும் செய்கிறது. ஆனால் அது சின்னரிசினின் உடன்பிறப்பு: எடை கூடும், மனச்சோர்வு வரலாம், அதே நடுக்கமும் வரலாம். அதோடு ஸ்டுஜெரானையும் சேர்த்துப் போடுவது ஒரே கெடுதலை இரட்டிப்பாக்குவது. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள், வால்புரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தோ டோபிரமேட்டோ எழுதப்பட்டால் அதை மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். இரண்டும் கருவைப் பாதிக்கும். கண்முன் பளபளப்புக் கோடுகளோடு மைக்ரேன் வரும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

மருந்தை விரும்பாதவர்களுக்கு மருத்துவர்கள் சில நேரம் மெக்னீசியமும், ரைபோபிளேவின் என்ற பி2 வைட்டமின் தினம் 400 மி.கி.யும் தருவார்கள். பி2 போட்டால் சிறுநீர் மஞ்சள் கரைத்தது போலப் போகும், பயப்பட வேண்டாம். மெக்னீசியம் வயிற்றை இளக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது.

இந்தச் சிகிச்சை தோற்கும் முக்கிய இடம் மூன்றாவது வாரம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே தெரியும். 'கேட்கவில்லை' என்று பாதியில் விட்டு, அடுத்த மருத்துவரிடம் போய், அங்கும் மூன்று வாரத்தில் விட்டு, ஐந்து மருந்து தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ஒன்றைக்கூட அவர்கள் முழுதாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சுற்றல் வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அந்த மருந்து வென்றதாக அர்த்தம்.

தூக்கம், சாப்பாடு, தலைக்குளியல், பயணம்

மைக்ரேன் மூளைக்கு மாற்றம் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவதும் அதற்குத் தொந்தரவுதான். எழும் நேரம் எல்லா நாளும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்கு முதல் இட்லியைத் தொடும் அம்மாக்களுக்கு இது மருந்துக்குச் சமமான அறிவுரை. காபி, டீ நாளுக்கு இரண்டு டம்ளர், தினமும் அதே நேரம். ஒரேயடியாக நிறுத்தினால் அதற்கே தலைவலி வரும். விரதம் இருப்பவர்கள் தண்ணீரையாவது விடாதீர்கள். ஏகாதசிக்குப் பால், பழம் எடுத்துக்கொள்ளலாம். நோன்பு வைப்பவர்கள் விடியலுக்கு முந்தைய சஹர் உணவைத் தவிர்க்கக் கூடாது. மருந்து நேரத்தை நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அதேசமயம், சீஸ், சாக்லேட், தக்காளி, கத்தரிக்காய் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகாதீர்கள். காலண்டரில் ஒரு பொருள் மூன்று முறையாவது பிடிபட்டால் மட்டும் விட்டுப் பாருங்கள்.

தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருவது இந்தியப் பெண்களிடம் நிஜமாகவே உள்ள தூண்டுதல். 94 இந்திய நோயாளிகளை வைத்து 2006இல் இது மருத்துவ இதழிலும் பதிவாகியிருக்கிறது. குளிப்பதை விட வேண்டியதில்லை. வெறும் வயிற்றிலும் தூக்கம் கெட்ட மறுநாளும் தலைக்கு ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளித்து, உடனே துவட்டி உலர்த்துங்கள். ஈரக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போடாதீர்கள்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. இப்படி மலையேறும் நாளில் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், பட்டினி வேண்டாம். அந்த ஒரு நாளுக்காக இரண்டு மணி நேரம் முன்பு சின்னரிசின் ஒன்று போடுவதில் தப்பில்லை. தினமும் போடுவதுதான் தப்பு. தலைசுற்றல் வந்த அன்று இருசக்கர வண்டி, ஏணி, மொட்டை மாடி விளிம்பு, தனியாகக் குளத்திலோ கிணற்றிலோ இறங்குவது எல்லாவற்றுக்கும் விடுப்பு.

மூளைக்குப் பயிற்சி

சுற்றல் வந்த நாளில் இதைச் செய்யக் கூடாது. மருந்து பிடித்து, சுற்றல் இடைவெளி விட்டு வரத் தொடங்கியபின் தொடங்குங்கள். சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்வது நல்லது.

ஒரு வெள்ளைத் தாளில் ஒரு அங்குல உயரத்தில் 'அ' என்று எழுதி, உட்கார்ந்தால் கண் மட்டத்தில் வரும்படி, கை நீட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் 'அ'வை விடாமல், 'வேண்டாம் வேண்டாம்' என்று சொல்வதுபோல் தலையை மட்டும் வலமும் இடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எழுத்து கலங்காமல் தெரிய வேண்டும். கலங்கினால் வேகம் அதிகம். 30 விநாடி போதும். கிறுகிறுப்பு அடங்கும்வரை காத்திருந்து, 'ஆமாம் ஆமாம்' என்பதுபோல் மேலும் கீழும் 30 விநாடி. நாளுக்கு மூன்று வேளை. ஒரு வாரம் சுலபமாகப் போனால் 1 நிமிடம். அடுத்து நின்றுகொண்டு, அடுத்து பாதம் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு. கடைசிக் கட்டத்தில் அந்தத் தாளைக் கட்டம் போட்ட லுங்கியின் மேல் குத்திச் சுவரில் தொங்கவிடுங்கள். கட்டங்கள் ஆடுவதுபோல் தோன்றும்போதும் எழுத்தைப் பிடித்து நிற்கக் கண் பழகிவிட்டால், சூப்பர் மார்க்கெட் அலமாரி அவ்வளவு பயமுறுத்தாது.

சமநிலைக்கு, இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகு காட்டி நின்று, முன்னால் ஒரு நாற்காலி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடி கிடைக்கும். பாதம் சேர்த்துக் கண் திறந்து 30 விநாடி, பிறகு கண் மூடி 30 விநாடி. பழகியதும் ஒரு பாதத்தை இன்னொன்றின் நேர் முன்னால் வைத்து நிற்கலாம். நடையில், மூன்று அடிக்கு ஒருமுறை தலையை ஒரு பக்கம் திருப்பி நடங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே விதி. கிறுகிறுப்பு பத்தில் இரண்டு எண் கூடலாம், ஆனால் 15 நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் நேரத்தைப் பாதியாக்குங்கள். கொஞ்சம்கூடக் கிறுகிறுப்பு வராதபடி செய்தால் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. தலைவலியைக் கிளப்பும் அளவுக்குச் செய்தால் நோய்தான் கற்றுக்கொள்ளும். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. அதனால் 'சும்மா படுத்துக்கிட்டு இருக்கா' என்ற பேச்சு சுலபமாக வந்துவிடுகிறது. பேருந்து நிலையக் கூட்டத்துக்குப் பயப்படுவதும், தனியாக வெளியே போகத் தயங்குவதும் இந்த நோயோடு வருகிறவை. பயம் கூடினால் சுற்றல் கூடும், சுற்றல் கூடினால் பயம் கூடும். பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம் இருந்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மைக்ரேனுக்கு மேல் இன்னொரு தொடர் தள்ளாட்டக் கோளாறு படிந்திருக்கலாம். அதற்கு மேற்சொன்ன பயிற்சியும், மனநல ஆலோசனையும், சில நேரம் வேறு வகை மாத்திரையும் உண்டு. மனநல மருத்துவரிடம் அனுப்பினால் அது பைத்தியம் என்று முத்திரை குத்துவதல்ல. சிகிச்சையின் ஒரு கை.

சின்னக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போதே வெளிறிப்போய், எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, சில நிமிடத்தில் எதுவும் நடக்காததுபோல் ஓடத் தொடங்கினால், அதுவும் மைக்ரேன் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். வலிப்பு இல்லை என்று குழந்தை மருத்துவர் உறுதிசெய்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. பலருக்கு வளர வளரத் தானாக நிற்கும்.

தடுப்பு மருந்து கேட்டபின் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை தொடர்வார்கள். நிறுத்தும்போது ஏறிய படியிலேயே வாரக்கணக்கில் இறங்க வேண்டும். அதற்கு ஐப்பசி அடைமழை, பரீட்சை மாதம், வீட்டில் கல்யாணம் என்று தூக்கம் கெடும் காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் முறை எடுத்த ஆடியோகிராமைக் கிழிக்காமல் வைத்திருந்து, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மைக்ரேன் என்று தொடங்கிய சிலரிடம் பின்னர் மெனியர் நோய் வெளிப்படுவது உண்டு. அந்த இரண்டு தாள்களுக்கும் இடையில் இறங்கிய கோடுதான் அதை முதலில் காட்டிக்கொடுக்கும்.